நேத்து உங்கள மரியாதையா நடத்துனாங்களா?

(ஆலங்குளத்தில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பக்கமிருந்து வந்திருக்கும் மாணவ நண்பர்களே,

2012இலிருந்து உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வருகிறது. 2025 அறிக்கையில் 147 நாடுகளில் பின்லாந்து முதலிடம். பாகிஸ்தான் 109, இந்தியா 118. பாகிஸ்தான்காரன் நம்மளவிட சந்தோஷமா இருக்கானான்னு பல பேருக்கு ரோஷம் வருது. எனக்கு அந்த ரோஷம் இல்லை. இந்தியாவுக்குள்ள யார் எத்தனாவது இடம்? நான் பேச வந்தது அதைத்தான்.

எப்படி அளக்குறாங்க? காலப் நிறுவனம் பெரும்பாலும் ஒரு நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரைக் கேட்கிறது. ஒரு ஏணியை மனசில நினைச்சுக்கங்க. உச்சிப்படி பத்து, உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை. அடிப்படி பூஜ்யம், ஆக மோசமான வாழ்க்கை. இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க? மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரிதான் அந்த இடவரிசை.

ஏணி எல்லாருக்கும் ஒண்ணா? இந்துச் சமூகம் படிக்கட்டே இல்லாத பல மாடிக் கோபுரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' முதல் இதழிலேயே எழுதினார். படிக்கட்டே இல்லாத கட்டடத்துக்குள்ள நின்னு ஏணியக் காட்டுனா, சேரிக்காரர் எந்த உச்சிய நினைச்சுப் பதில் சொல்லுவார்? மகனுக்கு மில்லுல நிரந்தர வேலை கிடைச்சா அதுவே அவருக்குப் பத்து. மில் முதலாளிக்கு அது படியே இல்லை.

ஒடுக்கப்பட்டவர் தன் துன்பத்தையே குறைச்சுச் சொல்லுவார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தா பக்கத்தில் எடுத்த ஒரு கணக்கை அமர்த்தியா சென் எடுத்துக் காட்டுகிறார். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, சுமார்தான் என்றார்கள். விதவைகளில் அப்படிச் சொன்னது 2.5 சதவீதம். விதவைகள் என்ன, திடமாகவா இருந்தார்கள்? தனக்கு ஒரு உடம்பு இருக்கு, அதுக்கு நோவு வரும்னு சொல்லுற உரிமையே அவர்களுக்கு இல்லை. 'நல்லாத்தான் இருக்கோம் சாமி' என்று நம்ம பாட்டிமார் சொன்னதும் இப்படித்தான்.

காலப் இன்னும் சில கேள்வி கேட்கிறது. நேத்து ரொம்ப நேரம் துக்கமா இருந்துச்சா, கவலையா, கோபமா? அந்த வரிசையில் அவமானம் இல்லை. ஆனா இன்னொரு கேள்வி இருக்கு தோழர்களே: நேத்து நாள் முழுக்க உங்கள மரியாதையா நடத்துனாங்களா? இது நம்ம கேள்வி! ஆனா இந்தப் பதிலும் நாட்டுச் சராசரியில் கரைஞ்சு போகுது. ஊர்த்தெருவையும் காலனியையும் கூட்டி ரெண்டால வகுத்தா வர்ற எண்ணு, ரெண்டு தெருவுலயும் குடியிருக்காது.

பூட்டானைப் பாருங்க. மொத்த தேசிய மகிழ்ச்சியை 2008இல் அரசியல் சட்டத்திலேயே எழுதி வச்ச நாடு. அதே நாட்டிலிருந்து 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் மக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் விரட்டப்பட்டு நேபாள முகாம்களில் கிடந்தார்கள். அழுகிறவனை வெளியே தள்ளிட்டு அளந்தா, சராசரி தானா ஏறும்.

சாதிவாரியாப் பிரிச்சுப் பார்த்தா உண்மை தெரியுது. உலக சுகாதார நிறுவனம் 2007-08இல் இந்தியாவில் ஆறு மாநிலங்களில் எடுத்த கணக்கை ஆஷிஷ் குப்தாவும் டயான் காஃபியும் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஆதிக்க சாதி இந்துக்களைவிட தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மனத்துயர் அதிகம். படிப்பையும் சொத்தையும் கணக்கில் சேர்த்த பிறகும் இடைவெளி போகவில்லை. அப்ப துக்கத்துக்குக் காரணம் வறுமை மட்டும்தான்னு யாரும் தப்பிக்க முடியாது. அந்த ஆறு மாநிலத்தில் தமிழ்நாடு இல்லை.

அரசாங்கம் என்ன எண்ணுது? 2021இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர், அதில் தினக்கூலிகள் 42,004 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தமிழ்நாட்டில் மட்டும் 18,925 பேர். தொழில், படிப்பு, வயசு எல்லாத்துக்கும் அட்டவணை இருக்கு. சாதிக்கு இல்லை.

நம்ம மாவட்டத்தில் 1997 மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வீரன் சுந்தரலிங்கம் பேரில் போக்குவரத்துக் கழகம் வந்தப்ப, அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம். கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே நீக்கியது அரசு. அன்னைக்கு நம்ம சனம் பட்டதை 'துக்கம்'னு ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? அது அவமானம். துக்கம்னா ஆறுதல் சொல்லிட்டுப் போயிருவான். அவமானம்னா, செஞ்சவன் யாருன்னு கேக்கணும்.

அதனால மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். ஒன்றிய அரசு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. தலையை எண்ணட்டும். தலைகுனிவை நாம எண்ணுவோம். உங்க காலனியில் வீடு வீடாப் போங்க. அந்த ஒரே கேள்வி: நேத்து உங்கள மரியாதையா நடத்துனாங்களா? 'யாரும் அடிக்கலையே தம்பி'ன்னு ஒரு பெரியவர் சொல்லலாம். அதையும் அப்படியே எழுதிக்கங்க. மரியாதைக்கு அவர் வச்சிருக்கிற அளவு அது. அப்புறம் இன்னும் ரெண்டு கேளுங்க: எங்க? யாரு? டீக்கடையா, பள்ளிக்கூடமா, ரேஷன் கடையா, களத்துமேடா, வாடா போடான்னு கூப்பிட்ட சின்னப் பயலா? தேதி போடுங்க. பொம்பளைங்ககிட்ட நம்ம பொம்பளைப் பிள்ளைங்களே கேக்கட்டும். வீட்டுக்குள்ள நடக்கிற அவமரியாதையும் ஏட்டில் வரணும்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது கூடணும். அந்த மேசையில் நம்ம ஏட்டை வைப்போம். பின்லாந்து வரிசையில் முன்னால நிக்கட்டும். விருதுநகர் மாவட்டம் முதலில் இதுக்குப் பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்.