ஊராட்சிக் கணினியின் சாவி யாரிடம்?

(ஊராட்சிச் செயலர்களுக்கும் மகளிர் கூட்டமைப்புக் கணக்காளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று எனக்கு ஒதுக்கப்பட்டுள்ள பொருள் மிகச் சிறியதாகத் தோன்றும். புதிய கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து மின்சாரம் கொடுத்தவுடன் அது நம்மைக் கேட்கும் கேள்விகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த மொழி, எந்த நாடு, எவ்வகை விசைப்பலகை என்று கேட்கும் வரையில் தொல்லையில்லை. பிறகு, 'என்னை இணையத்தோடு சேர்' என்கிறது. சேர்த்தபின், 'உன் இணையக் கணக்கு எது?' என்கிறது. 'கணக்கு இல்லை, வேண்டியதும் இல்லை' என்று விடை சொல்ல அங்கே ஒரு பொத்தான் கிடையாது.

கணக்கு என்றால் வரவு செலவு என்று பொருள் கொள்பவர்கள் நாம். இந்தக் கணக்கு வேறு. மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் பதிவேட்டில் நம் பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி முதலியவற்றை எழுதி, ஒரு கடவுச்சொல்லையும் வைத்துக்கொள்வதே அது. "ஐயா, அலுவலகப் பெட்டியைத் திறக்க என் சொந்தக் கைபேசி எண்ணை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு செயலர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஊராட்சிக்கு ஓர் இரும்புப் பெட்டி வாங்குகிறோம். விலையைக் கொடுத்து ரசீதும் பெற்றாயிற்று. 'உம் பெயரை எங்கள் பேரேட்டில் எழுதினாலொழியப் பெட்டி திறவாது' என்று கடைக்காரர் சொன்னால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 2001ஆம் ஆண்டில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தபோது, மென்பொருள் அசல்தானா என்று உறுதிசெய்யும் முறை புகுந்தது. அதைத் தொலைபேசி வழியாகவும் முடிக்கலாம். பொருள் அசலா என்பதே அன்றைய கேள்வி. வாங்கியவர் யார் என்பதன்று. 2012ஆம் ஆண்டின் விண்டோஸ் 8 முதன்முதலாக இணையக் கணக்கை முன்வைத்தது. வேண்டாதவர் விலகிக்கொள்ள வழியிருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இலும் வழி இருந்தது. ஆனால் கண்ணில் படாத மூலைக்கு அது மெல்ல நகர்ந்தது. 2021 அக்டோபர் 5ஆம் தேதி விண்டோஸ் 11 வெளியானபோது வீட்டு உபயோகத்திற்கான 'ஹோம்' பதிப்பில் இணையமும் கணக்கும் கட்டாயமாயின. அடுத்த ஆண்டு, 'புரோ' பதிப்பைச் சொந்த உபயோகத்திற்கென்று தொடங்குவோருக்கும் அந்த விதி வந்தது. விவரம் அறிந்தவர்கள் சுற்றுவழிகளைக் கண்டுபிடித்தார்கள். 2025இல் நிறுவனம் தன் சோதனைப் பதிப்புகளில் அவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகளில் பல, புதிய பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாதவை. பழையதிலேயே கூடுதலாக ஓராண்டுப் பாதுகாப்பு வேண்டிய தனிநபர்களிடமும் அந்நிறுவனம் கணக்கையே கேட்டது. ஆகவே புதிது வாங்கியவர்களும் பழையதை விடாதவர்களும் ஒரே வாசலில் வந்து நின்றார்கள்.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடவுச்சொல்லை மறந்தால் மீட்கலாம். கணினி திருட்டுப்போனால் உள்ளிருக்கும் விவரங்கள் அந்நியர் கையில் சிக்கா. கோப்புகளின் நகல் வெளியிடத்தில் பத்திரமாக இருக்கும். இவை மெய்யான நன்மைகளே. கணக்கு உள்ளவரிடம் கட்டணச் சேவைகளை விற்பது சுலபம் என்பதும் மெய்யே. இலவசமாகக் கிடைக்கும் வெளியிடம் 5 ஜிகாபைட் மட்டும்; அது நிரம்பியபின் பணம் கேட்பார்கள். என் மனத்தாங்கல் கணக்கைப் பற்றியதன்று, கட்டாயத்தைப் பற்றியது. ஆப்பிள் கணினிகளில் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட முடிகிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளோ அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குவதே இல்லை. ஆகவே இது தொழில்நுட்பத்தின் தேவை என்று எவரும் சொல்ல முடியாது.

நகரத்தில் தனியாளுக்கு இது எரிச்சலோடு போய்விடும். கிராமத்தில், அதிலும் பொதுச் சொத்தாக உள்ள கணினியில், சேதம் வேறு வகையானது. முதலாவது இணையம். பாரத்நெட் என்று இன்று வழங்கும் திட்டத்திற்கு 2011இலேயே ஒப்புதல் கிடைத்தது. கம்பி வந்த ஊர்களிலும் சாலைப் பணிக்குப் பள்ளம் தோண்டினால் கம்பி அறுகிறது. மலையோரக் குக்கிராமங்களில் கைபேசிக் கோபுரத்தின் தயவை நாடவேண்டியிருக்கிறது. இணையம் வரும்வரை புதிய கணினி மேசைமேல் அலங்காரப் பொருளாக நிற்கும்.

இந்தத் தாமதத்தையாவது பொறுக்கலாம். பொறுக்க முடியாதது கணக்கு யார் பெயரில் தொடங்கப்படுகிறது என்பது. ஊராட்சிக்கென்று தனி மின்னஞ்சல் இல்லாவிட்டால் செயலர் தம் சொந்த முகவரியைக் கொடுப்பார். அவருக்கும் அது கைவராவிட்டால், கணினியைக் கொண்டுவந்து வைக்கும் கடைப்பையன் அவசரத்திற்குத் தன் முகவரியையே போட்டுவிட்டுப் போவான். கூட்டமைப்பு அலுவலகமாயின் கணக்காளர் சகோதரியின் தம்பி பெயரில் இருக்கும். அன்றைக்கு வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஈராண்டு கழிகிறது. செயலர் மாறுதலில் செல்கிறார். சகோதரிக்குத் திருமணமாகி வெளியூர் போகிறார். ஒருநாள் கணினி பழுதாகி, உள்ளே ஒரு பாகத்தை மாற்றுகிறார்கள். மறுபடி இயக்கினால் நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். 2024ஆம் ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, இணையக் கணக்கோடு தொடங்கப்படும் புதிய கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. அதாவது, உள்ளிருக்கும் எழுத்தெல்லாம் சாவியின்றி எவராலும் வாசிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்படுகிறது. அந்தச் சாவியே இந்த 48 இலக்க எண். அது எங்கே இருக்கிறது? முதலில் எவர் பெயரில் கணக்குத் தொடங்கினோமோ அவர் கணக்கிற்குள் இருக்கிறது. அவர் கடவுச்சொல்லை மறந்திருந்தால், பழைய கைபேசி எண்ணையும் கைவிட்டிருந்தால், இரண்டு ஆண்டுகள் உள்நுழையாததால் அக்கணக்கே மூடப்பட்டிருந்தால், தீர்வை வசூல் பட்டியலும் தீர்மான நகல்களும் குழுக்களின் கடன் விவரமும் வட்டிலேயே இருக்கும், எவருக்கும் பயன்படா. நிறுவனத்தை அழைத்தாலும் அந்த எண்ணை அவர்களால் புதிதாக உண்டாக்கித் தர இயலாது.

நம்முடைய சட்டம் இவ்விஷயத்தில் எவ்வளவு முன்யோசனை உடையது என்பதைப் பாருங்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இருவரின் கையொப்பமும் வேண்டும் என்று வைத்தது. ஒருவர் கையில் மட்டும் பொதுப்பெட்டியின் சாவி இருக்கலாகாது என்பதே அதன் நோக்கம். 2020 ஏப்ரலில் இ-கிராம் ஸ்வராஜ் தளம் வந்தபின் திட்டமும் கணக்கும் கணினிவழியே நடக்கின்றன. அந்தக் கணினியின் சாவி மட்டும் ஊராட்சிப் பணியிலேயே இல்லாத ஒருவரின் சட்டைப்பையில் கிடப்பது என்ன முறை?

ஒப்புதலைப் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் விவரங்களைத் தருவதற்கான ஒப்புதல் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பல பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைந்தவை. மறுக்கவே வழியில்லாத ஒப்புதல் அந்தச் சட்டத்தின்முன் எப்படி நிற்கும் என்பதைச் சட்டம் கற்றவர்கள் ஆராயட்டும். நாம் செய்யக்கூடியதைச் செய்வோம்.

கொள்முதல் செய்யும்போதே 'புரோ' பதிப்பைக் கேளுங்கள். அதில் 'வேலை அல்லது பள்ளி' என்ற வழியைத் தேர்ந்து, உள்நுழையும் முறைகளில் 'டொமைன் ஜாயின்' என்பதைத் தொட்டால், இணையக் கணக்கின்றி அந்தக் கணினிக்குள்ளேயே அடங்கிய ஒரு பெயரை அமைத்துக்கொள்ளலாம். 'ஹோம்' பதிப்பே வாய்த்துவிட்டால், எவருடைய சொந்த முகவரியையும் போடாமல், ஊராட்சியின் பெயரில் ஒரு மின்னஞ்சலை உண்டாக்கி அதைக்கொண்டு தொடங்குங்கள். தொடங்கியபின் அமைப்புகளில் 'கணக்குகள்' பகுதிக்குச் சென்று, உள்ளகக் கணக்கிற்கு மாறிக்கொள்ள முடியும். மாறினாலும் வட்டின் பூட்டு அப்படியே இருக்கும் என்பதை மறவாதீர்கள். ஆகவே அந்த 48 இலக்கங்களையும் நிறுவனத்தின் தளத்திலிருந்து பார்த்து எழுதி, உறையிலிட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். மாறுதலின்போது ஒப்படைக்கும் பொறுப்புப் பட்டியலில் நாற்காலி, பீரோ, முத்திரை என்று எழுதுகிறோமே, அதே பட்டியலில் கணினியின் சாவி எண், மின்னஞ்சலின் கடவுச்சொல் ஆகியவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். மீட்புக்கான கைபேசி எண்ணை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். ஓய்வு பெற்றவர் வீட்டுக்கு ஓ.டி.பி. கேட்டு ஆள் அனுப்புவது இரு தரப்புக்கும் சங்கடம்.

வெளியிட நகல் வேண்டாமெனில் 'ஒன்டிரைவ்' சேமிப்பை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை தனி வட்டில் நகல் எடுங்கள். நிறுத்துவதற்கு முன், கோப்புகள் கணினியிலேயே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நலம்.

லினக்ஸ் பற்றி ஒருவர் கேட்டார். நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்சை உருவாக்கியிருக்கிறது. கேரளப் பள்ளிகள் நெடுங்காலமாக லினக்சில் நடக்கின்றன. கடிதம் எழுதவும் பட்டியல் தயாரிக்கவும் அது தாராளமாகப் போதும். மின்னணுக் கையொப்பக் கருவி அதில் ஒழுங்காக இயங்குகிறதா என்பதை மட்டும் ஒரு கணினியில் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அந்தச் சோதனைக்கு நமது ஒன்றிய அலுவலகத்தின் பழைய கணினி ஒன்றை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிற்பகல் அமர்வில், பெட்டி பிரிக்காத ஒரு புதிய கணினியை வைத்துக்கொண்டு இவை யாவற்றையும் முதலிலிருந்து செய்து காட்டுவார்கள். தங்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்தவர்கள் அதன் மின்கம்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்; இந்தக் கூடத்தில் மின்செருகிகள் குறைவு.