சொல்லுக்குப் பொறுப்பு
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்த எமக்குக் கடல் புதிதல்ல. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடியில் சுழியோடி, கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்ட கதையைக் கேட்டு வளர்ந்தோம். இன்று நிலாவெளியிலும் புறாமலையைச் சுற்றியும் எமது பிள்ளைகளே சுழியோடுகிறார்கள். சிலர் பயிற்றுநர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பாதுகாப்பு ஆலோசனைக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

பத்து மீற்றர் ஆழத்தில் உடலின் மீதுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி முதல் கால்கள் செயலிழப்பது வரை நேரலாம். எனவேதான் மெதுவாக மேலே வரவும், ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கவும் பழக்குகிறார்கள். ஒரு தடவை சுழியோடினால் குறைந்தது 12 மணித்தியாலமும், பல தடவையென்றால் 18 மணித்தியாலமும் விமானம் ஏறக்கூடாது. அன்றே நுவரெலியாவுக்கு வாகனத்தில் போவதும் ஆபத்துத்தான். அது 1,868 மீற்றர் உயரம். இவற்றைச் சொல்லவேண்டியது பயிற்றுநரின் கடமை.

ஆனால், "எனக்குத் தொய்வு இருக்கிறது, இறங்கலாமா?" என்று ஒருவர் கேட்டால்? "பயப்படாதீர்கள், எத்தனையோ பேர் இறங்கியிருக்கிறார்கள்" என்று தேநீர்க் கடையில் ஒரு நண்பர் சொன்னால் அது வெறும் அபிப்பிராயம். பயிற்றுநர் சொன்னால் கேட்டவர் அதை நம்பித் தண்ணீரில் இறங்கிவிடுவார். அன்றைய வருமானம் போனாலும், "வைத்தியரிடம் கேட்டுவாருங்கள்" என்பதே தொழில் நேர்மை.

அப்படி அனுப்பப்படுபவரின் படிவத்தில் ஒப்பமிடுவது வைத்தியர்களாகிய நாங்கள். எங்கள் குறையையும் சொல்லவேண்டும். பயிற்சிக் காலத்தில், தோள்வலியோடு வந்த ஒருவருக்கு வலிமாத்திரை கொடுத்து அனுப்பினோம். என்ன தொழில் என்று கேட்கவில்லை. மறுநாள் கால்கள் மரத்துப்போய்த் தூக்கிவரப்பட்டார். கடலட்டை பிடிக்கும் சுழியோடி அவர். முதல் நாளே அவருக்கு வேண்டியிருந்தது ஒட்சிசனும் அழுத்த அறைச் சிகிச்சையும். இன்று ஊன்றுகோலோடு நடக்கிறார். எங்களுக்குச் சுழியோடிகளின் நோயைப் பற்றி அதிகம் தெரியாது. தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு, தெரிந்தவரை அழைக்காததே பெரிய பிழை.

விடை தெரியாவிட்டால் எழுந்து நின்று, "தெரியாது ரீச்சர்" என்று சொல்ல இந்தப் பாடசாலை எம்மைப் பழக்கியது. அன்று அது வெட்கமாக இருந்தது. பயிற்றுநரோ வைத்தியரோ, நம்பி வந்தவர் முன்னால் அந்த ஒரு சொல்லைத் தயங்காமல் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.