வீட்டுச் சுவரும் வீட்டார் ஐயமும்

ஒரு வீட்டிலே ஐவர் வாழ்கின்றனர். ஐவரும் ஓர் அடுப்பிற் சமைத்ததையே உண்கின்றனர். ஒரே காற்றையே சுவாசிக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு மாத்திரம் இரவில் இருமலும் நெஞ்சிறுக்கமும் உண்டாகின்றன. அவர் சுவரிற் படர்ந்துள்ள கரும்புள்ளிகளைச் சுட்டி, "இந்தப் பூஞ்சணமே என்னை வருத்துகின்றது" என்கின்றார். ஏனைய நால்வரும் நகைக்கின்றனர். "எங்களுக்கு ஒன்றுமில்லையே!" என்பது அவர்தம் வாதம். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதையே நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்தது. அதன் வித்திகள் கண்ணுக்குப் புலப்படாத தூசியாய் எங்கும் மிதப்பன. அவை வேரூன்றித் தழைப்பதற்கு வேண்டியது ஈரலிப்பு ஒன்றே. தென்மேற்குப் பருவப் பெயர்ச்சி மழை மே மாதந் தொடங்கிச் செத்தெம்பர் வரையும் சொரிகின்ற நம் மலைநாட்டிலே அதற்குக் குறைவேது? கூரைப் பீலி ஒழுகும் மூலை, சுவரோடு ஒட்டவைத்த அலுமாரியின் பின்புறம், ஈரத்துணிகளை உலர்த்துவதற்காகக் கொடி கட்டிய அறை ஆகியனவெல்லாம் அதற்கு உறைவிடங்களே.

இனி, ஒருவரை வருத்துவது மற்றவரை வருத்தாதிருப்பது ஏன்? பூஞ்சணம் பெரும்பாலும் நஞ்சுபோல் எல்லோரையும் ஒருசேரத் தாக்குவதில்லை. சிலருடைய உடல் அவ்வித்திகளைப் பகையெனக் கொண்டு போர் தொடுக்கின்றது. அப்போரின் ஆரவாரமே தும்மலும், மூக்கடைப்பும், தொய்வும். இதனையே ஒவ்வாமை என்கின்றோம். நால்வர் நலமாயிருப்பது ஐந்தாமவரின் நோய்க்கு மறுப்பாகாது. மஞ்செஸ்டர் நகரத்து மருத்துவர் சாள்ஸ் பிளாக்லி, தாமே ஒவ்வாமையால் வருந்தியவர். ஈரவைக்கோலில் வளர்த்த பூஞ்சணத்தின் வித்திகளை அவர் தாமே உள்ளிழுத்துச் சோதித்தார். குரல் அடைத்து, மார்ச்சளியும் கண்டது. 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதனை எழுதிவைத்தார். உலக சுகாதார நிறுவனமும் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோரிடையே சுவாச நோய்க் குறிகளும் தொய்வும் மிகுந்து காணப்படுகின்றன என்று கூறியுள்ளது.

ஐயுறுவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே 1990களில் சில குழந்தைகளுக்கு நுரையீரலிற் குருதி கசிந்தபோது, வீட்டிலிருந்த கரும்பூஞ்சணமே காரணம் என்று முதலிற் கருதப்பட்டது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2000ஆம் ஆண்டில் மறுபடி ஆராய்ந்து, அத்தொடர்பு நிறுவப்படவில்லை என அறிவித்தது. ஆகவே தலைவலி, சோர்வு, மறதி அனைத்தையும் சுவரின் தலையிற் சுமத்துதல் முறையன்று. ஐயப்படலாம், ஏளனஞ் செய்தலாகாது. இரண்டும் வெவ்வேறானவை.

யான் அதிபராயிருக்கும் பாடசாலையிலே ஒன்பதாம் ஆண்டிற் படித்த மாணவி ஒருத்தி மழைக்காலத்தில் வாரத்துக்கு இரு நாள் வரமாட்டாள். வீடு மண்மேட்டை அணைத்துக் கட்டப்பட்டது. அவள் படுத்ததோ மேட்டை ஒட்டிய பின்னறை. தகப்பனார் பரீட்சைப் பயம் என்றார். அப்பாயியோ, "இந்த வயதில் எனக்கே வராத இழுப்பு இவளுக்கு எப்படி வரும்?" என்று என்னிடமே கேட்டார். ஓகஸ்ட் விடுமுறைக்கு வவுனியாவிலுள்ள அத்தை வீடு சென்றவள் ஒரு மாதமும் இருமவில்லை. திரும்பிய நான்காம் இரவே தொய்வு கண்டது. பிள்ளை வென்றுவிட்டாள் என்று எண்ணினேன். அப்பாயி விடவில்லை. "அங்கே பள்ளிக்கூடம் இல்லை, அதனால் நோயும் இல்லை" என்றார். ஆத்திரம் வந்ததாயினும், அந்த மறுப்பு வலிமையுடையதென்றே இன்றும் கருதுகின்றேன். பாடசாலை நடக்கும் காலத்திலேயே படுக்கையை முன்னறைக்கு மாற்றிப் பார்க்கும்படி சொன்னேன். ஓர் அப்பியாசக் கொப்பியிலே இரவுதோறும் இருமல் வந்ததா, எந்த அறை, மழை பெய்ததா என்று எழுதும் வேலையை அப்பாயியின் மேற்பார்வையிலேயே விட்டோம். ஆறு வாரத்தில் அந்தக் கொப்பி அவரை மௌனமாக்கிற்று. பின்னறையிலே தாமே படுத்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்! வைத்தியசாலையிற் பரிசோதித்துத் தொய்வு நோய் என்றே உறுதி கூறினர். தகப்பனார் மேட்டுக்கும் சுவருக்கும் இடையே வாய்க்கால் வெட்டினார்.

அந்த வாய்க்காலே மருந்திற் பாதி. நீர் வரும் வழியை அடைக்காது சுவரைத் துடைப்பதும் வர்ணம் பூசி மறைப்பதும் வீண்வேலை. அடுத்த மழைக்குப் புள்ளிகள் மீண்டும் முளைக்கும். ஒழுக்கை நிறுத்தியபின் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிடுக. அவ்வேளை மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நன்று; நோயாளி அவ்வறையில் நிற்றலாகாது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்குக. வெயில் கண்ட நாளில் யன்னலைத் திறந்து மெத்தையை வெளியே போடுக.

மருத்துவரிடஞ் செல்லும்போது அக்கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியைத் தனியே அனுப்பாது, வீட்டில் யார் மிகுதியாக ஐயுறுகின்றாரோ அவரையே துணைக்கு அனுப்புங்கள். மருத்துவர் சொல்வதை அவர் தம் செவியாலேயே கேட்கட்டும். தமக்குள்ள ஐயங்களையும் அங்கேயே கேட்டுத் தெளியட்டும்.