ஸ்டீராய்டு மருந்தும் உணவும்

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் அசைய இயலாதிருந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்குப் புதிய மருந்தொன்று ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. சில நாட்களுக்குள் அவள் எழுந்து நடமாடினாள். அந்த மருந்துதான் கார்ட்டிசோன். அட்ரீனல் சுரப்பிகளின் ஹார்மோன்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் என்ற மூவரும் 1950-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மாணவ நண்பர்களே, நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமைந்தவை அட்ரீனல் சுரப்பிகள். உடலோ உள்ளமோ நெருக்கடிக்கு உள்ளாகும்பொழுது, அவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் முதலிய மருந்துகள் அதன் உறவினர்களே. ஆஸ்துமா, மூட்டு நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு இவை கொடுக்கப்படுகின்றன. 2020-இல் கொரோனாத் தொற்றால் மூச்சுத் திணறியோரின் உயிரைக் காத்தவற்றுள் டெக்சாமெத்தசோனும் ஒன்று.

ஆயினும், இம்மருந்தை நெடுநாள் உண்பவருக்கு முகம் முழுமதி போல வட்டமாகிறது, பசி பெருகுகிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, எலும்பு சுண்ணச்சத்தை இழக்கிறது. கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு வருந்தும் கல்லூரி மாணவியொருத்தி ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட நினைப்பது இயல்பு. ஆனால் பெரும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. மருந்து வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தமையால், அவளுடைய சுரப்பிகள் தம் தொழிலை மறந்து உறங்கிக் கிடக்கின்றன. மருந்து திடீரென நின்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே உணவைப் பற்றி நான் இனிக் கூறுவன அனைத்தும் மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை; மருந்துக்கு மாற்றாகக் கொள்ளத் தக்கவை அல்ல.

முதலில் உப்பு. இம்மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கக் கூடியது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே எவருக்கும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு இவற்றை ஒதுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஊறுகாய் இன்றித் தயிர்சோறு உண்பது எப்படி என்று கேட்பீர்கள். மாதுளை முத்துக்களோ வெள்ளரித் துண்டுகளோ சேர்த்து உண்டு பாருங்கள். நாக்கு இரண்டு வாரம் முரண்டு செய்து பின்னர் இணங்கிவிடும்.

அடுத்தது எலும்பு. மருந்து தொடங்கிய முதற் சில மாதங்களிலேயே எலும்பின் இழப்பு விரைவாக நிகழ்கிறது. எனவே அதற்குரிய உணவையும் முதல் நாளே தொடங்குவது நலம். நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வரை சுண்ணச்சத்து வேண்டும். 100 மில்லி லிட்டர் பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்க, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. ஏழையின் உணவென்று நாம் இகழ்ந்த கேழ்வரகு இங்கே முந்தி நிற்கிறது! முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் உதவும். நெத்திலியைக் கருவாடாக அன்றிப் பச்சை மீனாகவே வாங்குக. உணவு மட்டும் போதாதவருக்கு மருத்துவர் சுண்ணச்சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும் தருவார்.

தசை தளராதிருக்கப் பயறு, சுண்டல், முட்டை, மீன் வேண்டும். இனிப்பையும் மைதாப் பண்டங்களையும் குறைத்தால் சர்க்கரை ஏற்றம் தணியும். வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் தருபவை. எனினும் சிறுநீரகம் பழுதுற்றவர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது.

இனி, பலர் அறியாத செய்தி ஒன்று. தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். 1946-இல் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்னும் மருத்துவர் வயிற்றுப்புண் நோயாளருக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்து வந்தார். புண் ஆறியது; ஆனால் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. காரணம் பிற்காலத்தில் புலனாயிற்று. சிறுநீரகத்திற்குள் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியொன்று உண்டு. அதிமதுரம் அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. காவலாள் இல்லாத வீட்டில் நுழைவது போலக் கார்ட்டிசால் அங்கே புகுந்து, உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. ஸ்டீராய்டு உண்பவர் 'இயற்கை மருந்துதானே' என்று நாள்தோறும் அதிமதுரக் கஷாயம் பருகுவாராயின், தாம் தவிர்க்க விரும்பிய வீக்கத்தைத் தாமே அழைத்துக்கொள்கிறார்.

மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் உட்கொள்வது வயிற்றுக்கும் நல்லது, இரவின் உறக்கத்துக்கும் நல்லது. மாலைக் காப்பியை விட்டுவிடலாம். நோய் அடங்கியதும் மருத்துவர் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்; உறங்கிய சுரப்பிகள் மெல்ல விழித்துக்கொள்ளும். அந்த மாணவியின் முகமும் சில மாதங்களில் பழைய வடிவத்தை அடையும்.