மாலையில் தளரும் தசைகள்



இரும்பை முதல் மரக்காணத்து உப்பளங்கள் வரை, வெயிலில் உழைப்போர் மாலையில் களைப்பது இயல்பே. ஆயின் காலையில் நலமாக எழுந்தவர்க்குப் பொழுது சாயச் சாய இமை தாழ்ந்து, ஒரு பொருள் இரண்டாய்த் தோன்றி, உணவை மெல்லத் தாடை வலுவிழந்து, பேச்சும் குழறுமாயின் அதனை வெறுங்களைப்பு என்று ஒதுக்கலாகாது. அது மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் நெடுநாள் நோயாக இருக்கலாம். ஓய்ந்தால் தணியும், உழைத்தால் மீளும், வெப்பத்தில் மிகும். இதனாலேயே, "காலையில் நன்றாகத்தானே இருந்தாய்?" என்று வீட்டாரே நோயாளியை ஐயுறுகின்றனர்.

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளைப் பற்றும்போதே தசை இயங்குகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே அவ்வேற்பிகளை அடைத்தும் அழித்தும் விடுவதுதான் இந்நோய். இது தொற்றுவதன்று; சோம்பலுமன்று.

1934இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மேரி வாக்கர், இத்தளர்ச்சி குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருப்பதை உணர்ந்து, அந்நஞ்சின் முறிமருந்தாகிய பைசோஸ்டிக்மினை ஊசிவழிச் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை உயர்ந்தது. அவ்வழியில் வந்ததே இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை. நடிகர் அமிதாப் பச்சன் 1980களில் இந்நோயுற்றும் திரையுலகிற்கு மீண்டார்.

நம் இல்லங்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. அம்மாத்திரையின் பயன் சில மணி நேரமே நிற்கும். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாதோர், நோன்பிருப்போர் ஆகியோர் தாமாக மருந்தை நிறுத்தினால் விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். எனவே நோன்பு மேற்கொள்ளுமுன் மருத்துவரிடம் நம் வழக்கத்தை விளக்கி, மருந்து வேளையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். மாலையுணவு மென்மையாக இருத்தலும், மருந்தின் வலு நிற்கும் வேளையில் அமைதலும் நன்று. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இந்நோயை மிகுவிக்குமாதலால், எம்மருத்துவரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலில் கூறுக. மூச்சுத் திணறினாலோ விழுங்க இயலாவிடினோ அந்நொடியே மருத்துவமனைக்கு விரைக. புதுவை ஜிப்மரில் நரம்பியல் துறை உண்டு. இரும்பைக்கு அது தொலைவன்று.

பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. ஆற்றல் குன்றியவரை நோன்புக்குத் தூண்டாதிருத்தலும், அவர் தளர்ச்சியை நடிப்பென்று பழியாதிருத்தலும் நாம் பேணும் அகிம்சையே.