நூல் அறுந்தால் எரியும் விளக்கு

பள்ளிப் பிள்ளைகளே, இன்றைய உரை உங்களுக்காக. மின்னோட்டவியல் பாடம் புரியவில்லை என்று சொல்பவர்கள் என்னோடு திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் வாருங்கள்.

வட்டமாகச் சுழல்கிறது ஒரு பெரிய மெஷின். கோன்களிலிருந்து வரிசை வரிசையாக நூல்கள் வருகின்றன. கீழே பனியன் துணி குழாய்போல இறங்குகிறது. ஒரு நூல் அறுந்தாலும் துணி பழுதாகிவிடும். அத்தனை நூலையும் ஒருவர் கண்ணாலேயே காவல் காக்க முடியுமா? முடியாது. அந்தக் காவலை ஒரு மின்சுற்று பார்க்கிறது.

ஒவ்வொரு நூலும் மெல்லிய கம்பி ஒன்றைத் தாங்கியபடி ஓடுகிறது. நூல் அறுந்தவுடன் கம்பி சரிகிறது. பிரிந்திருந்த இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. உடனே விளக்கு எரிகிறது, மெஷின் நிற்கிறது. எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் அந்த விளக்கே காட்டிக்கொடுக்கிறது.

பாடத்தின் முதல் விதி இதுதான்: பாதை முழுமையானால்தான் மின்னோட்டம் பாயும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர வழி வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஓட்டம் நின்றுவிடும். நீங்கள் சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் செய்வது, அந்த இடைவெளியை மூடுவதும் திறப்பதும்தான்.

சரி, மின்னோட்டத்தைத் தள்ளுவது எது? நீலகிரியைப் பாருங்கள். அங்கே பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்தின் பஞ்சாலைகள் பெருகுவதற்கு அந்த மின்சாரம் பெரும் துணையாக இருந்தது. மலையின் உயரம் தண்ணீரை வேகமாக இறக்குகிறது அல்லவா? அதுபோல மின்னோட்டத்தைத் தள்ளுவது மின்னழுத்தம். அதை வோல்ட்டில் அளக்கிறோம். பாயும் அளவின் அலகு ஆம்பியர். பாய்வதைத் தடுப்பது மின்தடை. அதன் அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இது.

உங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தாலும் மின்னோட்டம் கிடைக்கும்: ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் சுமார் 4.3 ஆம்பியர். அதன் மின்தடை ஏறக்குறைய 53 ஓம்.

இனித் தையல் பகுதிக்கு வாருங்கள். பவர் டேபிள் எனப்படும் மின் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன. ஓர் அக்கா மெஷினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். அடுத்த மெஷின் நிற்பதில்லை. ஏனென்றால் அவை பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை. தொடர் இணைப்பாக இருந்தால், ஒன்று நின்றாலே எல்லாம் நின்றுபோகும்.

ஆனால் பக்க இணைப்பில் ஒரு கவனம் வேண்டும். ஒவ்வொரு மெஷினும் எடுக்கும் மின்னோட்டம், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒயரில் ஒன்றாகக் கூடுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். பஞ்சும் தூசும் படிகிற ஊரில் அந்தச் சூடு தீயாக மாற அதிக நேரம் ஆகாது.

அதைத் தடுக்கத்தான் ஃபியூஸ் கம்பி இருக்கிறது. அளவுக்கு மீறி மின்னோட்டம் வந்தால் அது உருகி, தானே அறுந்து, பாதையைத் துண்டிக்கிறது. அறுவதற்கென்றே வைத்த நூல் அது. அதனால்தான் அதை எப்போதும் தொடர் இணைப்பில் வைக்கிறார்கள்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று சலித்துக்கொண்டு, தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஃபியூஸ் அறாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள் ஓடும் ஒயர் எரியும். பிள்ளைகளே, நீங்கள் எதையும் தொட வேண்டாம். இன்று இரவு, வேலை முடிந்து வரும் அம்மாவிடமும் அப்பாவிடமும், ஃபியூஸில் தடித்த கம்பி வேண்டாம் என்ற இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் விளக்கிச் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.