ஊர்ச் செய்தியும் ஊரார் காசும்

மக்களாட்சி, விரலில் மையிட்டுக்கொள்வதோடு முடிவதன்று. வாக்குப் பெற்றவர் செய்தது யாதென ஊரார் அறிதல் வேண்டும். சாலை போடும் ஒப்பந்தக்காரரே விளம்பரமும் தருவாராயின், எந்த இதழ் அச்சாலையின் பள்ளத்தை எழுதும்?

உத்தரப்பிரதேசத்துச் சித்திரகூடத்தில் 2002-ஆம் ஆண்டு 'கபர் லகரியா' தோன்றியது. ஆதாயம் கருதாத 'நிரந்தர்' என்னும் தொண்டமைப்பு அதற்குத் தோள்கொடுத்தது. எழுதியோர் ஒடுக்கப்பட்ட குலத்து ஊர்ப்பெண்கள்; புதிதாய் எழுத்தறிந்தோரும் அவருள் இருந்தனர். எழுதிய மொழியோ அலுவலகத்து இந்தி அன்று; அடுப்படியில் பேசும் புந்தேலி! (இந்தியின் கிளையென்று ஒதுக்கப்பட்ட மொழி அது.) வறண்ட கைக்குழாயும் போடாத சாலையுமே அதற்குத் தலைப்புச் செய்திகள். 2009-இல் யுனெசுகோவின் எழுத்தறிவுப் பரிசும் அதனைத் தேடிவந்தது.

இங்கமர்ந்தோருள், தம் ஊர்ச் சிற்றிதழுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டியோர் எத்தனை பேர்?